மணவிலக்கும் அதன் ஆவணங்களும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விழா நாளில் மணவிலக்கைப் பற்றியா பேசுவது என்று செயற்குழுவில் ஒரு பெரியவர் முகம் சுளித்தார். அவர் சுளித்ததில் குற்றமில்லை. ஆயினும், கரமனையிலும் வலியசாலையிலும் வாழும் நம்மவர் சில ஆண்டுகளாக நம்மைத் தேடி வந்து கேட்கும் கேள்விகளுள் பாதி, "அந்தத் தாள் எங்கே கிடைக்கும்?" என்பதாகவே இருக்கின்றது. நாம் வக்கீல் அல்லோம். ரயில்வேயில் கோப்புப் பார்க்கும் குமாஸ்தா. சட்டத்தின் நுட்பங்களை வக்கீலிடம் கேட்பதே முறை. தாள்கள் எங்கே பிறக்கின்றன, எங்கே உறங்குகின்றன, அவை இல்லாவிடில் என்ன நேருகின்றது என்பதை மட்டும் நாம் அறிந்த அளவில் கூறுகின்றோம்.

மணவிலக்கு என்பது மேல்நாட்டார் கொண்டுவந்த புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். நாம் குடியேறி வாழும் இந்தத் திருவிதாங்கூர் மண்ணைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பொருந்தாது. கொல்லம் 1100-ஆம் ஆண்டிலே, அதாவது 1925-இல், வந்த திருவிதாங்கூர் நாயர் சட்டம், கணவன் மனைவி இருவரும் இசைந்து ஒரு பத்திரம் எழுதிப் பதிவு செய்தால் மணம் முறிந்தது என்று ஒப்புக்கொண்டது. இசையாதவிடத்து நீதிமன்ற உத்தரவு பெற வேண்டும். இந்து மணச் சட்டம் இந்திய நாட்டில் வந்தது 1955 மே 18-இல். அதற்கு முப்பது ஆண்டுகள் முன்னரே இங்குப் பதிவாளர் அலுவலகத்தின் மேசையில் மணவிலக்கு நடந்தது!

நம்மவரான நாஞ்சில் நாட்டு வேளாளரின் கதையையும் இங்குச் சொல்லவேண்டும். தமிழ் பேசி, தமிழராய் வாழ்ந்தும், அவர்களுட் பலர் மருமக்கள் வழியைக் கைக்கொண்டிருந்தனர். தந்தையின் சொத்து பெற்ற பிள்ளைக்குப் போகாது. உடன்பிறந்தாளின் மகனுக்குப் போகும். மனைவிக்கும் மக்களுக்கும் உகந்துடைமை என்ற பெயரில் ஒரு சிறு பங்கே கிட்டும். அம்முறையில் அகப்பட்ட பெண்ணின் துயரத்தைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அவர்கள் "நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்" என்னும் நூலில், ஒருவனுடைய ஐந்தாம் மனைவியே தன் கதையைச் சொல்லுவதாக அமைத்துப் பாடினார். கவிமணி நம் திருவனந்தபுரத்திலே மகளிர்க்குத் தமிழ் கற்பித்தவர் என்பதில் நமக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. 1926-இல், கொல்லம் 1101-இல், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து மருமக்கள் வழியின் பிடியைத் தளர்த்தியது.

உறவு அறுத்து எழுதும் பத்திரத்துக்கு இந்நாட்டார் இட்ட பெயர் ஒழிமுறி. எழுத்தாளர் ஜெயமோகன் எழுதி, மதுபால் இயக்கி, 2012-இல் வெளிவந்த மலையாளத் திரைப்படத்திற்கும் அப்பெயரே. முதிய வயதில் ஒரு மனைவி கணவனிடமிருந்து விலக்குக் கேட்டு நீதிமன்றம் ஏறுவதே அதன் கதை. காணாதவர் காண்க.

இனி, தேடும் வழிக்கு வருவோம். பாட்டி காலத்து ஒழிமுறி ஒன்று சொத்துப் பாகத்துக்கு வேண்டும் என்று வருவோர் முதலில் தவறுவது ஆண்டுக் கணக்கில். பத்திரத்தில் இருப்பது கொல்லம் ஆண்டு. சிங்க மாதப் பிறப்பிலிருந்து ஆங்கில ஆண்டு முடியும்வரை உள்ள நாளாயின் 824-ஐக் கூட்டவேண்டும். ஜனவரிக்குப் பின் கர்க்கடகம் முடிய உள்ள நாளாயின் 825-ஐக் கூட்டவேண்டும். ஓர் ஆண்டு பிசகினால் வேறொரு புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "பதிவு இல்லை" என்ற பதிலோடு திரும்ப நேரும்.

இரண்டாவதாக, எந்த அலுவலகம் என்பது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. ஆதலால் நாகர்கோவில் பக்கத்தில் பதிவான பத்திரத்தைத் திருவனந்தபுரத்தில் தேடுவது வீண். அவ்வட்டாரத்துச் சார்பதிவாளர் அலுவலகங்கள் தமிழ்நாட்டுப் பதிவுத்துறையின் கீழ் உள்ளன. நெய்யாற்றின்கரையில் பதிவானது கேரளத்தில் இருக்கும். எந்த ஊரில் பதிவாயிற்று என்று வீட்டு முதியவர் ஒருவரிடம் கேட்டறிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது, கேட்பவர் யார் என்பது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி நிலம், வீடு பற்றிய பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்தில் ஏறும். அதை எவரும் பார்க்கலாம், நகலும் பெறலாம். நிலம் சாராத பல்வகைப் பத்திரங்கள் 4-ஆம் புத்தகத்தில் ஏறும். அதன் நகல், எழுதிக் கொடுத்தவருக்கும் அதன்கீழ் உரிமை கோருபவருக்கும் அவர்தம் பிரதிநிதிக்குமே கிடைக்கும். ஆகவே பேரன் போய்க் கேட்பதாயின், தான் வாரிசு என்பதற்கு உரிய சான்றைக் கையோடு கொண்டு செல்லவேண்டும். அடுத்த வீட்டுக்காரர் ஆவலினால் கேட்டால் கிடைக்காது. கிடைக்கலாகாது என்பதே நம் கருத்தும்.

பழைய வழி அவ்வளவே. கேரளத்தில் 1976 டிசம்பர் 1 முதல் கூட்டுக் குடும்ப ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து மருமக்கத்தாயம் முடிவுற்றது. 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, வழக்கத்தினால் வந்த விலக்கு உரிமையைக் காப்பாற்றி வைத்திருப்பது உண்மையே. ஆனால் அவ்வழக்கம் தம் சமூகத்தில் தொன்றுதொட்டு இருந்தது என்று கோருபவரே நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2002-இல் தெளிவாகக் கூறிவிட்டது. அது எளிதன்று.

இங்கேதான் நம்மவர் இடறுகின்றனர். ஊர்ப் பெரியவர் நால்வர் கூடுகின்றனர். முத்திரைத் தாள் ஒன்று வாங்கி, "இனி ஒருவர்க்கொருவர் தொடர்பில்லை" என்று எழுதி, இருவரும் கையொப்பமிட, நோட்டரி ஒருவர் முத்திரை குத்துகின்றார். நகையும் பாத்திரமும் திரும்புகின்றன. எல்லாரும் காப்பி அருந்திக் கலைகின்றனர். அத்தாளுக்குச் சட்டத்தில் மணவிலக்கு என்ற மதிப்பு இல்லை. அதை நம்பி மறுமணம் புரிந்தால் அம்மணம் செல்லாது. முதல் மணம் நிலைத்திருக்க மறுமணம் செய்வது குற்றமும் ஆகும். பழைய தண்டனைச் சட்டத்தில் 494-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 82-ஆம் பிரிவாக உள்ளது.

ஓய்வூதியக் கோப்புகளில் இதன் விளைவை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவர், மனைவியை இழந்தவர். அவருடைய மகள் கணவனைப் பிரிந்து பதினோர் ஆண்டுகளாகத் தந்தை வீட்டிலேயே இருந்தாள். கையில் இருந்தது மேற்சொன்ன முத்திரைத் தாள் ஒன்றே. தந்தைக்கு உடல் நலிந்தபோது, "நான் போனால் இவளுக்கு ஏதேனும் உண்டா?" என்று நம்மிடம் கேட்டார். மணவிலக்குப் பெற்ற மகளுக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. தந்தையோ தாயோ உயிரோடிருக்கும்போதே விலக்கு மனு நீதிமன்றத்தில் தாக்கலாகியிருப்பின், தீர்ப்பு அவர்கள் மறைந்த பின் வந்தாலும் அவ்வுரிமை உண்டு என்று மத்திய சர்க்கார் 2017 ஜூலையில் உத்தரவிட்டது. வருமான வரம்பு முதலிய மற்ற நிபந்தனைகள் பொருந்தவேண்டும். ஆனால் முத்திரைத் தாள் மனு ஆகாது. "இவ்வாரமே வக்கீலைப் பாருங்கள்" என்றோம். அவர் பார்த்தார். மனு தாக்கலாகி ஏழு வாரங்களில் அவர் மறைந்தார். தீர்ப்பு ஓராண்டு கழித்து வந்தது. தீர்ப்பு நாளிலிருந்து அப்பெண்ணுக்கு ஓய்வூதியம் தொடங்கியது. அக்கோப்பில் எல்லாவற்றினும் முக்கியமான தாள், மனு தாக்கலான நாளைக் காட்டும் நீதிமன்ற நகலே. அதே நிலையில் இருந்த வேறொரு பெண்ணின் தந்தை, "மானம் போய்விடும்" என்று தள்ளிப் போட்டார். அவள் இன்று வீட்டு வேலை செய்து பிழைக்கின்றாள்.

மனு எங்கே தாக்கல் செய்வது? நம் மாவட்டத் தலைநகரில் வஞ்சியூர் நீதிமன்ற வளாகத்தில் விசாரித்தால் குடும்ப நீதிமன்றத்துக்கு வழி கிடைக்கும். திருமணம் நடந்த இடம், எதிர்த்தரப்பார் வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றுள் ஒன்று அந்நீதிமன்ற எல்லைக்குள் இருக்கவேண்டும். மனைவி மனுதாரராயின், அவள் வசிக்கும் இடமே போதும் என்று 2003-இல் சட்டம் திருத்தப்பட்டது. நாகர்கோவிலில் மணமாகி, இங்கு வாழ்ந்து, பின் தாய்வீடு சேர்ந்த பெண்களுக்கு இத்திருத்தம் பேருதவி. கணவன் வேறு மாநிலத்தில் வழக்குத் தொடுத்திருந்தால், அதனை மாற்றும்படி உச்ச நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

மணமாகி ஓராண்டு நிறையும் முன் பொதுவாக மனு ஏற்கப்படாது. இருவரும் இசைந்து கேட்கும் முறை 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 13-பி பிரிவாக வந்தது. ஓராண்டாகப் பிரிந்து வாழ்ந்திருக்கவேண்டும். மனுச் செய்து ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதங்களுக்குள், இருவரும் மீண்டும் வந்து உறுதி கூறவேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தக்க காரணம் இருப்பின் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் கிறிஸ்தவ அன்பர்களுக்கு 1869-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் இசைவு மனுவுக்கு முன் பிரிந்து வாழவேண்டிய ஓராண்டுக் கட்டாயத்தைக் கேரள உயர்நீதிமன்றம் 2022 டிசம்பரில் செல்லாது என்றது.

திருமணப் பதிவுச் சான்று, அது இல்லையேல் மண அழைப்பிதழும் புகைப்படமும், இருவர் முகவரிச் சான்று ஆகியவற்றை முதல் நாளே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஊரார் முன் பேச நேருமே என்று அஞ்சவேண்டா. விசாரணை மூடிய அறையில் நடைபெறும், செய்தியாக அச்சிடுவதையும் சட்டம் தடுக்கின்றது. முதலில் சமரசம் பேசுவார்கள். சேர்ந்து வாழ இயலுமாயின் அதைவிட நல்லது வேறில்லை. இயலாவிடின் அவர்களே விட்டுவிடுவர்.

தீர்ப்பு வந்தபின் டிக்ரியின் நகலை இரு தரப்பாருக்கும் கட்டணமின்றிக் கொடுக்கவேண்டும் என்பது 23-ஆம் பிரிவின் கட்டளை. பலர் அதைக் கேட்டு வாங்குவதே இல்லை! அமெரிக்க நாட்டில் கவுண்டி என்னும் வட்டாரந்தோறும் நீதிமன்ற எழுத்தர் இப்பதிவுகளைக் காத்து, பெரும்பாலும் கேட்டவர்க்குக் காட்டுவர் என்பர். நம் நாட்டில் மணவிலக்குகளை ஒருங்கே தொகுத்த பதிவேடு எதுவும் இல்லை. தீர்ப்பளித்த நீதிமன்றத்திலேயே அது உறங்கும். வழக்கு எண்ணும் ஆண்டும் தெரிந்தால், தரப்பார் விண்ணப்பித்துச் சான்றிட்ட நகல் பெறலாம். பிறர் காரணம் காட்டி நீதிபதியின் உத்தரவு பெறவேண்டும். மேல்முறையீட்டுக்குரிய காலம் கழியுமுன் மறுமணத்துக்கு நாள் குறிக்கலாகாது. அந்நாள் எது என்பதை வக்கீலிடம் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.

கவுண்டி என்றதும் ஒரு வழக்கு நினைவுக்கு வருகின்றது. திருப்பதியில் 1975-இல் மணந்த ஒருவர், அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் கவுண்டி நீதிமன்றத்தில் விலக்குப் பெற்று வேறு மணம் புரிந்தார். எனினும் நம் சட்டத்தில் இல்லாத காரணத்தின்பேரில், மனைவி உடன்படாத நீதிமன்றத்தில் பெற்ற விலக்கு இங்குச் செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. மகனையோ மகளையோ கடல் கடந்து அனுப்பியிருப்போர் இதனைக் குறித்துக்கொள்க.

செலவுக்கு அஞ்சும் தாய்மார்களுக்கு ஒரு சொல். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவாயினும் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்திலோ தாலுகாக் குழுவிலோ வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். மலையாளத்தில் எழுத வராதவர்க்கு எழுதித் தர, ஞாயிறுதோறும் மாலையில் நாம் சங்க நூலகத்தில் இருப்போம்.