அரை மில்லிமீட்டர்

டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில் சனிக்கிழமை காலை என்றால் தெரு முழுக்கப் புல்வெட்டும் மெஷின் சத்தம்தான். நாலு வீடு தள்ளி ஒரு கராஜில் மட்டும் சத்தமே வராது. அங்கே என் நண்பர் ஸ்டூலில் உட்கார்ந்து பிஸ்டன் ரிங்கை அரத்தால் ராவிக்கொண்டிருப்பார். இரண்டு இழுப்பு இழுத்து, ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து, அதன் இரு முனைக்கும் நடுவே ஃபீலர் கேஜைச் செருகிப் பார்ப்பார். திரும்பவும் ராவல். அரை மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி வேண்டும். குறைந்துவிட்டால் சூட்டில் ரிங் நீண்டு முனைகள் முட்டிக்கொள்ளும், பிஸ்டன் போய்விடும். கூடிவிட்டால் அழுத்தம் கசியும். கால் மைல் ஓடும் டிராக் பந்தயக் கார் கட்டுவது முரட்டு ஆட்களின் வேலை என்ற என் நினைப்பு அதைப் பார்த்ததோடு போயிற்று.

அவர் கட்டுவது பழைய டொயோட்டா சுப்ரா. டூ-ஜே-ஸீ என்று செல்லமாகச் சொல்லும் 3 லிட்டர் எஞ்சின்; ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில், வார்ப்பிரும்பு பிளாக்கில். 1993 முதல் 1998 வரை அமெரிக்காவில் விற்ற டர்போ வண்டிக்கு 320 குதிரைத்திறன். இன்று இதே எஞ்சினில் ஆயிரத்தைத் தாண்டுகிறவர்கள் ஏராளம். வரிசை ஆறில் பிஸ்டன்களின் ஆட்டம் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்வதால் குலுக்கல் குறைவு. வி-எட்டே தெய்வம் என்றிருக்கும் டெக்சாஸில் இந்த ஆறு மரியாதை வாங்கியது லேசான காரியமில்லை.

டர்போவின் சங்கதி 1905-லேயே சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூக்கி காப்புரிமை வாங்கியதுதான். வெளியே போகிற எக்ஸாஸ்ட் புகை ஒரு சக்கரத்தைச் சுற்ற, அதே தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் எரிபொருளும் கூட்டலாம். “எல்லாம் காத்துதாண்ணே. வாயுபுத்திரன் துணை” என்பார் நண்பர், ஊரிலுள்ள காரிய சித்தி அனுமார் கோயில் பக்கம் கையைக் காட்டி. அமுக்கிய காற்று கொதிக்கும் என்பதால், ஓட்டத்துக்கு முன் கேஸ் ஸ்டேஷனில் ஐஸ் மூட்டை வாங்கி காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் தண்ணீரில் கொட்டுவார். டெக்சாஸ் வெயிலில் அது எத்தனை நிமிஷம் தாங்கும்!

குதிரைத்திறனைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். பெரிய டர்போவை மாட்டினால் எண் ஏறும். அதைப் பார்த்து வாய் பிளக்கிறவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. எது முதலில் உடையும் என்று முன்கூட்டியே யோசிக்கிறவரைத்தான் நான் கலைஞர் என்பேன்.

ஓட்டம் எனிஸில். டாலஸுக்குத் தெற்கே, பில்லி மேயர் 1986-இல் கட்டிய டெக்சாஸ் மோட்டார்பிளெக்ஸ். முழுக்க கான்கிரீட் தரை. 1988 ஏப்ரலில் பந்தய வீரர் எடி ஹில் கால் மைலை 4.990 வினாடியில் கடந்தது இங்கேதான். ஐந்து வினாடிக்குள் அதை ஒருவர் முடித்தது அதுவே முதல் தடவை. டிராக் பந்தயம் அமெரிக்காவில் விமானத் தளங்களில் வளர்ந்தது. சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் பார்த்த பெரியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

போன நவம்பரில் நண்பரோடு போனேன். மாதக்கணக்கான வேலை, ஒன்பது வினாடிக்குள் முடிந்துவிட்டது. நான் கைதட்டினேன். அவர் பேசவில்லை. ஸ்பார்க் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, டார்ச் அடித்து, பூதக்கண்ணாடியில் பார்த்தார். ஆறாவதின் வெள்ளைப் பீங்கானில் மணல் அளவு வெள்ளிப் புள்ளிகள் இரண்டு. பிஸ்டனின் அலுமினியம் உருகத் தொடங்கியிருக்கிறது.

இன்னும் இரண்டு ஓட்டத்துக்கு நேரம் இருந்தது. பானெட்டை மூடிவிட்டு டிரெய்லரை எடுத்துவரப் போனார்.