மரவில்லின் வளைவும் அதைச் சீரமைக்கும் பட்டறையும்

ஆளுயரத்தையும் மிஞ்சும் ஒரே மரத்துண்டிலிருந்து செய்யப்படும் ஆங்கிலேய நெடுவில், கோடரியாலும் இழைப்புளியாலும் வடிவம் பெற்ற பின்னரும் வெறும் கழியாகவே இருக்கிறது. நாணை இழுக்கும்போது கைப்பிடிக்கு மேலும் கீழும் உள்ள பகுதிகள், அதாவது மேற்கையும் கீழ்க்கையும், ஒத்து வளையும்வரை மரத்தைச் சிறிது சிறிதாகச் சுரண்டிக் குறைக்கும் வேலைதான் அதை வில்லாக்குகிறது. வில் வினைஞர்கள் டில்லரிங் என்று வழங்கும் இந்த வளைவுச் சீரமைப்புக்கான பட்டறை எவ்வாறு அமைய வேண்டும் என்பதும், அந்த அமைப்பின் நிறைகுறைகள் யாவை என்பதும் இவ்வுரையில் ஆராயப்படுகின்றன.

நெடுவில்லுக்குப் பெயர்பெற்றது ஐரோப்பாவில் வளரும் யூ மரம். அதன் உள்மரமான செந்நிற வைரம் அமுக்கத்தை நன்கு தாங்கும். பட்டையை ஒட்டியுள்ள வெளிர்நிற வெளிறு இழுவிசையை நன்கு தாங்கும். ஆகவே வெளிறு இலக்கை நோக்கிய முதுகாகவும், வைரம் எய்பவரை நோக்கிய வயிறாகவும் அமையுமாறு துண்டு தேர்ந்தெடுக்கப்படுகிறது. 1545-இல் மூழ்கி 1982-இல் கடலடியிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பலில் கிடைத்த நூற்றுக்கும் மேற்பட்ட முழு விற்கள், இம்முறை எவ்வளவு தேர்ந்திருந்தது என்பதற்குச் சான்றாக இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. முதுகில் ஓடும் இழைகள் அறுபட்டால் வில் அவ்விடத்தில் முறியும் வாய்ப்பு மிகுதி என்பதால், சீரமைப்பில் மரம் பெரும்பாலும் வயிற்றுப்புறத்திலிருந்தே எடுக்கப்படுகிறது.

இவ்வேலைக்கு இத்தனை நுட்பம் தேவைப்படுவதன் காரணம் எளிய இயற்பியலில் உள்ளது. வில்லின் விறைப்பு அகலத்துக்கு நேர்விகிதத்திலும், தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் அமைகிறது. அகலத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விறைப்பும் அதே அளவே குறைய, தடிமனில் அதே பங்கு குறைந்தாலோ விறைப்பு ஏறத்தாழ 27 விழுக்காடு குறைந்துவிடுகிறது. ஓரிடத்தில் மட்டும் மிகையாகச் சுரண்டினால் வில் அங்கே கதவுக் கீலைப்போல் மடிந்து, அழுத்தம் முழுவதையும் அவ்விடமே ஏற்று, நிலையான கூனலுக்கோ முறிவுக்கோ ஆளாகிறது. எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட இயலாது என்பதால், பட்டறையில் உள்ள ஒவ்வொரு பொருளும் வினைஞரின் கையை மட்டுப்படுத்தவும் கண்ணைக் கூர்மையாக்கவும் உதவ வேண்டும்.

அத்தகைய பட்டறையின் நடுநாயகம் டில்லரிங் மரம் எனப்படும் தாங்கி. சுவரில் உறுதியாக அறையப்பட்ட நிமிர்ந்த பலகையின் மேல்முனையில் வில்லின் கைப்பிடி கிடைமட்டமாக அமர ஒரு குழிவு இருக்கும். நாணின் நடுவில் கோத்த கயிறு தரையருகே உள்ள கப்பியின் வழியாகத் திரும்பி, அறையின் மறுபுறம் நிற்பவரின் கைக்கு வரும். நாணுக்கும் கயிற்றுக்கும் இடையே மாட்டிய சுருள்வில் தராசு இழுவிசையையும், பலகையில் அங்குலம் அங்குலமாக இட்ட கோடுகள் இழுப்பின் தூரத்தையும் காட்டுகின்றன. பின்சுவரில் கட்டங்கள் வரைந்தால் இரு கைகளின் வளைவையும் ஒப்பிடுவது எளிதாகும். தொலைவில் நிற்பதால் வில்லின் முழு உருவமும் ஒரே பார்வையில் அடங்குவதோடு, அது முறிந்து தெறித்தாலும் அடிபடும் ஆபத்து குறைகிறது. இதனருகே மரத்தை அசையாமல் இறுக்கும் பிடிப்பானும், அரமும், சுரண்டு தகடும், மேடுபள்ளங்களை நிழலாகக் காட்டும் பக்கவாட்டு விளக்கும் இருந்தால் பட்டறை நிறைவுபெறும்.

முதலில் தளர்வான நீண்ட நாணில் சில அங்குலங்களே இழுத்துப் பார்க்கப்படும். இரு கைகளும் ஒத்து வளையத் தொடங்கிய பின்னரே குறுகிய நாண் பூட்டப்படும். 28 அங்குல இழுப்பில் 50 பவுண்டு விசை வேண்டும் எனில், தராசு எந்த இழுப்பில் 50 காட்டினாலும் அங்கேயே நிறுத்திவிட்டு, வளையாத இடங்களில் மட்டும் சுரண்ட வேண்டும். மிகுதியாக வளைந்த இடங்களில் பென்சில் குறியிட்டு அவற்றைத் தொடாமல் விட வேண்டும். சுரண்டியதன் விளைவை மரம் உடனே முழுமையாகக் காட்டுவதில்லை என்பதால், ஒவ்வொரு முறையும் வில்லைக் குறைந்த தூரத்துக்குப் பலமுறை இழுத்து விட்ட பின்னரே அடுத்த முடிவு எடுக்கப்படுகிறது.

எய்பவர் தம் வில்லின் முழு வளைவைத் தாமே இழுத்தபடி காண இயலாது என்னும் குறையைத் தீர்த்து, விசையையும் தூரத்தையும் வடிவத்தையும் ஒருசேரக் காட்டுவதே இவ்வமைப்பின் தலையாய சிறப்பு. ஆயினும் அசையாத குழிவில் அமர்ந்த வில், மனிதக் கையில் சற்றே வேறுவிதமாக நடந்துகொள்ளக்கூடும். இழுத்த நிலையில் தாங்கியிலேயே நெடுநேரம் விட்டால் மரம் களைத்துக் கூனலும் விழும். இக்காரணங்களால் தாங்கியின் தீர்ப்பை இறுதியானதாகக் கொள்ளாமல், எய்து பார்த்துத் திருத்துவது அவசியமாகிறது. 1545-இல் ரோஜர் ஆஸ்கம் வெளியிட்ட டாக்ஸோஃபிலஸ் என்னும் நூலும், புதிய வில்லை எய்து பழக்கிய பின் நல்ல வினைஞரிடம் கொடுத்து, சீராக வளையுமாறு திருத்திக்கொள்ளும்படி அறிவுறுத்துகிறது.

ஆகவே இக்கலையில் இறங்க விரும்பும் நேயர்கள் விலையுயர்ந்த இயந்திரங்களை நாடுவதற்கு முன், உறுதியான தாங்கிக்கும் நம்பத்தக்க தராசுக்கும் விலகி நின்று பார்க்கத்தக்க வெளிக்கும் வழிசெய்துகொள்வதே அறிவுடைமை. மின்கருவி மரத்தை விரைவாகக் குறைக்குமேயன்றி, எங்கே குறைக்க வேண்டும் என்பதை அதனால் சொல்ல இயலாது.