குழந்தைக்குக் கொரோனா: மூச்சை எண்ணிப் பாருங்க

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கிராம சுகாதார செவிலியர் பேசியது)



ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் விடிஞ்சா ஷூ கம்பெனி வண்டி வந்துடும். பிள்ளைக்கு ஜுரம்னாலும் பாட்டிகிட்ட விட்டுட்டு ஓடுறோம். ஒரு நாள் லீவு போட்டா அன்றைய கூலி போச்சு. அதனால எந்த ஜுரத்தை வீட்டிலேயே பார்த்துக்கலாம், எதுக்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும் என்பது அம்மாவுக்கும் தெரியணும், பாட்டிக்கும் தெரியணும்.

கொரோனா அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவித்தது. ஆனால் கிருமி போகவில்லை. மற்ற சளி ஜுரத்தோடு இதுவும் வந்து போய்க்கொண்டுதான் இருக்கு.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஜுரம், சளி, இருமல், தொண்டை வலி, சில பேருக்கு வாந்தி, பேதி. சில நாளில் சரியாகிவிடும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், இதயநோய், ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேணும்.

வீட்டில் செய்ய வேண்டியது: தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. முகக்கவசம் போட்டு, கையை சோப்பு போட்டுக் கழுவிட்டுக் கொடுங்க. கஞ்சி, இளநீர் அடிக்கடி கொடுங்க. பேதியானா ஓ.ஆர்.எஸ். கொடுக்கணும். ஜுரத்துக்குப் பாராசிட்டமால் போதும். ஆனால் ஒரே 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் உண்டு, 250 உள்ள பாட்டிலும் உண்டு. அதனால் குழந்தையின் எடையைச் சொல்லி அளவு கேளுங்க. ஆஸ்பிரின் கூடாது.

மருந்துக் கடையில் நாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கக் கூடாது. கொரோனா வைரஸை அது கொல்லாது. லேசான நோய்க்கு ஸ்டீராய்டு கெடுதல் என்று 2021 ஜூனில் மத்திய சுகாதாரத் துறையே சொல்லியிருக்கு.

மூச்சை எண்ணுங்க: குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, செல்போனில் நேரம் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணணும். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கை வந்தாலோ தாண்டினாலோ உடனே கிளம்புங்க. நெஞ்சு உள்ளே இழுத்தல், பால் குடிக்காமை, எழுப்பினாலும் எழாமை, வலிப்பு, உதடு நீலமாதல் இருந்தாலும் அப்படித்தான். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வெறும் ஜுரம் வந்தாலே டாக்டரிடம் காட்டணும்.

சரியான பிறகும் கவனம்: கொரோனா வந்து போய் 2 முதல் 6 வாரத்தில், மிகச் சில பிள்ளைகளுக்கு மறுபடி கடும் ஜுரம் வரும். கண் சிவக்கும், உடம்பில் தடிப்பு, வயிற்றுவலி, வாந்தி இருக்கும். இது இதயத்தைப் பாதிக்கலாம். இரத்தப் பரிசோதனை, இதய ஸ்கேன் எடுத்து, ஆஸ்பத்திரியில் வைத்து இம்யூனோகுளோபுலின், ஸ்டீராய்டு கொடுப்பாங்க. இந்த ஸ்டீராய்டு டாக்டர் கண் முன்னே கொடுப்பது, கடையில் வாங்குவது வேற. சீக்கிரம் போனா பெரும்பாலும் குணமாகும். "முன்னாடி கொரோனா வந்தது" என்று டாக்டரிடம் மறக்காம சொல்லுங்க.

பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. பெரிய சிகிச்சைக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. 108 வண்டிக்குக் காசு கிடையாது.

கடைசியா ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு முடியலைன்னா அடுத்த கூட்டம் வரை காத்திருக்காம, ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்து அன்றே அவசரக் கடன் கொடுக்கலாம் என்று ஒவ்வொரு குழுவும் தீர்மானம் எழுதி வைக்கணும். கூலியை நாளைக்குச் சம்பாதிக்கலாம். மூச்சு வாங்குற பிள்ளை நாளை வரைக்கும் காத்திருக்காது.