குடமும் தையும் சேர்ந்தால்

"தண்ணீர்ப் பாத்திரத்தைத் தொடர்ந்து பொங்கல் மாதம் வந்தால் காவிரிக்கரை ஊர். 4 எழுத்து." இது ஒரு குறுக்கெழுத்துக் குறிப்பு. குடம், தை என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், நேயர்களே. மகர ஒற்று தானே நகரமாகி, குடந்தை வந்து நிற்கும்.

கட்டம் போட்ட புதிர் வெளியூர்ச் சரக்கு. 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்டார். எஸ்.எஸ். வாசனின் ஆனந்த விகடன் அதைப் பரிசுப் போட்டியாக்கித் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. ஆனால், குறிப்புக்குள் சொல்லை ஒளிக்கும் வித்தை நமக்குப் பழசு. மாலைமாற்று, வினாவுத்தரம், காதைகரப்பு என்று அதன் வகைகளுக்குத் தண்டியலங்காரம் பெயரே சூட்டியிருக்கிறது. வினாவுத்தரத்தில் பல கேள்விகளுக்கான விடைகளைக் கோத்தால் ஒரு பெயர் கிடைக்கும். குடந்தைக் குறிப்பும் அந்த வம்சம்தான்.

சீர்காழியில் பிறந்த ஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டிலேயே, கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படித்தாலும் மாறாத மாலைமாற்றுப் பாடல்களால் ஒரு பதிகமே பாடிவிட்டார். நம் கட்டத்துக்கு அவ்வளவு வேண்டாம், மூன்றெழுத்து போதும்: "திருப்பினாலும் மாறாத இடம், காவிரி அங்கே பிறக்கிறாள்." குடகு.

ஆங்கிலப் புதிர்க்காரர்கள் எழுத்துகளைக் கலைத்துப் போட்டே பிழைக்கிறார்கள். அவர்களுக்கு 26 எழுத்து. நமக்கு 247. உயிரும் மெய்யும் ஒரே கட்டத்தில் ஒட்டிக்கிடப்பதால் கலைத்தால் பெரும்பாலும் குப்பைதான் மிஞ்சும். அதற்கு ஈடாகத் தமிழில் பிரிக்கலாம், புணர்த்தலாம், குறிலை நெடிலாக்கலாம். "சிரிப்பு நீண்டால் கடலோர ஊர்": நகை நீண்டு நாகை ஆகிறது. "காகிதத்துக்கு உதை கொடுத்தால் குறுவைக்கு அடுத்த சாகுபடி": தாள், அடி, தாளடி. வயலில் நிற்பவருக்குத் தாள் என்றால் அறுத்த பயிரின் அடிக்கட்டை. காகிதம் என்று சொல்லி அவரைத் திசைதிருப்புவதில்தான் குறிப்பு எழுதியவரின் குறும்பு இருக்கிறது. பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் அடக்கிய காளமேகம் இதற்குத் தலையாட்டியிருப்பார்.

இப்படிப் பார்த்தால், "யானையின் வேறு பெயர்" என்று கேட்கும் குறிப்புகள் வெறும் நிகண்டுப் பரீட்சை. தெரிந்தால் எழுதலாம், தெரியாவிட்டால் விட்டுவிடலாம், யோசிக்க அதில் ஒன்றுமில்லை. நல்ல குறிப்பு விடைக்கான வழியையும் தனக்குள்ளேயே வைத்திருக்கும். விடை தெரிந்ததும் 'அட, கண்ணெதிரே இருந்ததே!' என்று சொல்ல வைக்கும்.

நேயர்களுக்கு ஒன்று: "இடப்பக்கம் இல்லாத கையருகே துள்ளும் விலங்கு. கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகும் வழியில் இந்த ஊர் வரும். 6 எழுத்து." மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு, மறந்துவிடாதீர்கள்.