கலைக்கு ஜாதி ஏது? தலையெழுத்து ஏது?

(மதுரை கே.கே. நகர்ப் பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நாட்டியம். சுயமரியாதைக்காரர்களுக்கு நாட்டியத்தில் என்ன வேலை என்று சிலர் சிரிக்கலாம். கோயில், ஜாதி, ஜோசியம், தலையெழுத்து ஆகிய நாலும் சேர்ந்து மனிதனுடைய கையைக் கட்டினதுபோலவே காலையும் கட்டியிருக்கின்றன. ஆதலால் அந்தக் கட்டைப் பற்றிப் பேசுகின்ற வேலை நமக்குத்தான் முதலில் இருக்கின்றது என்று சொல்லுவோம்.

டில்லியில் மின்சார ரிக்ஷா ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்குக் கமல் சிங் என்று ஒரு மகன். அவர் 17 வயதில் ஒரு இந்தி சினிமாவில் பாலே நாட்டியத்தைப் பார்த்தார். தாமும் அதைக் கற்க வேண்டுமென்று புறப்பட்டார். பாலே என்பது இத்தாலி, பிரான்சு தேசத்து அரண்மனைகளில் வளர்ந்த ஆட்டம். 1661லேயே 14-ஆம் லூயி மன்னன் நாட்டியத்துக்கென்று பாரிசில் ஒரு கழகம் வைத்தான். அந்த நாடுகளில் 8, 10 வயதிலேயே பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, உடம்பு முற்றுமுன் இடுப்பையும் முழங்காலையும் பாதத்தையும் பழக்கிவிடுவார்கள். 17 வயதில் அதை ஆரம்பிப்பதென்றால், பேரன் எடுத்த பிறகு தவில் பழக உட்கார்ந்ததற்குச் சமானம்.

ஆயினும் அவருக்கு அர்ஜென்டினா தேசத்து ஆசிரியர் ஃபெர்னாண்டோ அகிலேரா என்பவர் டில்லியில் கற்றுக்கொடுத்தார். 2020இல், கொரோனா நோய் உலகத்தையே கதவடைக்கச் செய்த காலத்தில், லண்டனிலுள்ள இங்கிலீஷ் நேஷனல் பாலே பள்ளியில் கமல் சிங்குக்கு இடம் கிடைத்தது. படிப்புச் செலவும் லண்டன் ஜீவனமும் சேர்ந்து பல லட்சம் ரூபாய். ரிக்ஷாக்காரர் வீட்டில் அது ஏது? அப்போது எந்தக் கோயில் உண்டியலாவது திறந்ததா? இல்லை. முகமறியாத மனிதர்கள் கொடுத்த சிறு தொகைகளும், சினிமா நடிகர் ஹிருத்திக் ரோஷன் கொடுத்த தொகையுந்தான் அவரைக் கடல் தாண்டவைத்தன.

மும்பாயில் இதேபோல் இருவர். வெல்டிங் வேலை செய்பவரின் மகன் அமீருத்தீன் ஷா. டாக்சி ஓட்டுகிறவரின் மகன் மணீஷ் சவுகான். அமீருத்தீன் 2017இல் லண்டன் ராயல் பாலே பள்ளிக்குப் போனார். மணீஷ் அமெரிக்காவுக்குப் போனார். இவர்கள் கதையே 2020இல் 'யே பாலே' என்று படமாகவும் வந்தது. இவர்களுக்குக் கற்றுக்கொடுத்த யெஹுதா மாவோர் ஒரு யூதர். மாணாக்கரில் ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து. குதித்து அந்தரத்தில் நின்றபோது இந்த மூன்று மதத்துக் கடவுள்களில் எந்தக் கடவுள் வந்து தாங்கிப் பிடித்தார் என்று கேட்கின்றோம். தாங்கினது பழக்கப்பட்ட தொடையும் கெண்டைக்காலுமேயல்லவா?

இதற்கும் நமது வைதிகர்கள், "அது பூர்வ ஜென்மப் புண்ணியம்" என்பார்கள். சரி, உலகமே கொண்டாடிய ரஷ்ய நாட்டு அன்னா பாவ்லோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 1881இல் துணி வெளுக்கும் ஒரு தாய்க்குப் பிறந்தவர். முதலில் நாட்டியப் பள்ளியில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். 1891இல் 10-வது வயதில்தான் சேர்ந்தார். கணுக்கால் மெலிவு, பாதமோ அளவுக்கு மீறிய வளைவு. பூர்வ ஜென்மத்துப் புண்ணியம் கணுக்காலுக்கு மாத்திரம் வராமல் எங்கே தங்கிவிட்டது? ஓயாத பயிற்சியினால் அந்த மெலிந்த கால்களைக் கொண்டே உலகைச் சுற்றி வந்தார். நமது நாட்டில் பிறந்திருந்தால் அந்த வண்ணாத்தி மகளை மேடையில் ஏற்றியிருப்போமா, வெளுத்த துணியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருப்போமா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பாவ்லோவாவுக்கும் நமது மதுரைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1904இல் இதே மதுரையில் ஒரு பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்த ருக்மிணி தேவி அம்மையார், 1920இல் ஜார்ஜ் அருண்டேல் என்ற வெள்ளைக்காரரை மணந்து, ஊரார் ஏச்சையெல்லாம் கேட்டவர். பாவ்லோவாவின் நட்பினால் பாலே பழக ஆரம்பித்தார். பாவ்லோவா தூண்டவே நம் நாட்டுச் சதிராட்டத்தின் பக்கம் திரும்பினார். 1935இல் அடையாற்றில் ஆடினார். 1936இல் கலாக்ஷேத்திரம் ஏற்படுத்தினார். அவருடைய துணிவை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கின்றோம். அவருக்குக் கற்றுக்கொடுத்த மயிலாப்பூர் கௌரி அம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அதே ஆட்டத்தை அந்த மரபினர் ஆடினபோது "தாசி ஆட்டம்" என்று காறித் துப்பின உலகம், மேல்ஜாதிப் பெண் ஆடினவுடன் "தெய்வீகக் கலை" என்று கும்பிட்டதே, இடையில் மாறினது என்ன? அடவா, தாளமா? ஆடினவரின் ஜாதியல்லவா மாறிற்று! பொட்டுக்கட்டும் இழிவை ஒழிக்க மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரும் போராடி, 1947இல் சட்டமும் வந்தது. இழிவு என்பது ஆட்டத்தில் இல்லை; பெண்ணைப் பிறப்பினால் சாமிக்கும் பணக்காரனுக்கும் பொம்மையாக்கினதில்தான் இருந்தது.

ஆகவே தோழர்களே, கலையை நாடிப் போகும் வாலிபருக்கு இரண்டு விதமான ஆபத்துகள் இருக்கின்றன. ஒன்று இயற்கையானது. கால் சுளுக்கும், எலும்பு முறியும். பாலே ஆடுவோரில் பெரும்பாலோர் 40 வயதுக்குள் மேடையை விட்டு இறங்க நேரும். அந்நிய தேசத்தில் குளிரும் தனிமையும் வாட்டும். இதை எடைபோட்டுப் பார்த்து ஏற்பதோ விடுவதோ அவரவர் உரிமை. மற்றது நாம் உண்டாக்குகிற ஆபத்து: "நம்ம ஜாதிக்கு இது ஆகுமா?", "ஆம்பிளை ஆடலாமா?", "ஜாதகத்தில் கடல் தாண்டும் யோகம் உண்டா?" என்பவை.

இந்த இரண்டாவது ஆபத்து எவ்வளவு கொடியது என்பதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. இதே மதுரையில் பிறந்த திருநங்கை நர்த்தகி நடராஜ் அம்மையார் இளம் வயதிலேயே வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. தோழி சக்தியோடு தஞ்சாவூர் சென்று, கிட்டப்பா பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பயின்று, 2019இல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். பட்டம் கொடுத்ததும் பெருமைப்படுகின்ற ஊர், அன்றைக்கு ஒரு வேளைச் சோறு போட்டு "நீ ஆடு" என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

கண்ணை மூடிக்கொண்டு விமானம் ஏறும்படி நாம் யாருக்கும் சொல்லவில்லை. துணிச்சல் வேறு, சூதாட்டம் வேறு. பள்ளி உண்மையானதா, எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கின்றது, இடையில் ஆள் சேர்க்கும் தரகன் யார், கால் ஒடிந்தால் வைத்தியத்துக்கு வழி என்ன, ஆட்டம் நின்றால் பிழைக்க வேறு தொழில் என்ன என்று ஐந்து கேள்வி கேளுங்கள். இந்த ஐந்துக்கும் பதில் ஜோசியனிடம் கிடையாது. கடிதம் எழுதி, கணக்குப் போட்டு, விஷயம் தெரிந்தவரை விசாரித்தால் கிடைக்கும்.

நாளைக்கே மாட்டுத்தாவணியில் ஆட்டோ ஓட்டும் ஒரு தோழரின் மகளோ மகனோ நம்மிடம் வந்து, "நான் பாலே கற்க வேண்டும்" என்று சொல்லலாம். அப்போது சிரிக்காதீர்கள். ஜாதகக் கட்டைத் தேடாதீர்கள். காதுகுத்துக்கும் கிடாவெட்டுக்கும் கடன் வாங்கத் தெரிந்த நாம், அந்தப் பிள்ளையின் முதல் மாதச் சம்பளத்தைக் கட்ட ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டால் போதும். இயற்கை வைத்த ஆபத்தை அந்தப் பிள்ளை பார்த்துக்கொள்ளும். நாம் வைத்த ஆபத்தை நாம்தான் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு இவ்வளவோடு முடித்துக்கொள்ளுகின்றோம்.