கரகம் பாலிக்கும் கரை



இன்று காலை ஆற்றங்கரையில் நடந்த சிரமதானத்தை நம் சங்கத்துச் சிறுவர் சிறுமியரே முன்னின்று நடத்தினர். லயம் லயமாகச் சென்று ஆள் சேர்த்ததும், சாக்கும் மண்வெட்டியும் தேடியதும், வேலையைப் பங்கிட்டதும் அவர்களே. பெரியவர்களாகிய நாம் தேநீர் கொடுத்தோம், அவ்வளவே!

அள்ளிய குப்பையில் நாம் கண்டதென்ன? பிஸ்கட் உறைகள், பிளாஸ்டிக் போத்தல்கள். அவற்றினிடையே நம் திருவிழா அன்னதானத்துக் கோப்பைகள்! கரகம் பாலிக்கும் புனிதக் கரையில் அவற்றை எறிந்தவர் அயலார் அல்லர், நாமேதான்.

பூண்டுலோயா நீர் கொத்மலை ஓயாவில் கலந்து மகாவலியைச் சேர்கிறது. பிளாஸ்டிக்கோ மக்குவதில்லை, துகள் துகளாக உடைந்து நீரிலேயே தங்கிவிடுகிறது. நாம் எறிவதைக் கீழே வாழ்வோர் சுமக்கின்றனர்.

1958ஆம் ஆண்டில் கொழும்பு நாலந்தாக் கல்லூரி மாணவர்கள், ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்னவுடன் கனதொலுவ என்னும் ஒதுக்கப்பட்ட கிராமத்துக்குச் சென்று உழைத்தனர். அதிலிருந்தே சர்வோதய சிரமதான இயக்கம் வளர்ந்தது. மாணவர் தொடங்கியதைப் பெரியோர் தாங்கினர்; அதனால் அது நிலைத்தது.

பல லயங்களுக்குக் குப்பை வண்டி வருவதில்லை என்பது மெய்யே. அதை உரிய இடத்தில் கேட்போம். ஆனால், திருவிழாப் பந்தி நம் கையில் உள்ளதன்றோ? அடுத்த ஆண்டு வாழையிலையும் வீட்டுக் குவளையும் போதுமென்று பிள்ளைகள் கேட்கின்றனர். பெரியோர்களே, சம்மதம் தாருங்கள். இல்லையேல் நம் குப்பையையே நம் பிள்ளைகள் மறுபடியும் அள்ளுவர்.