புது லாரியும் பழைய கணக்கும்

(நம் முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"என்ன தலைப்பில் பேசறீங்கண்ணா?" என்று நம் செயலாளர் போனில் கேட்டார். "புது லாரிக்கு எப்ப ஆயில் மாத்தணும், எப்ப டயரை மாத்திப் போடணும்" என்றேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. "தொழில் முனைவோர் அனுபவம்னு போட்டுக்கலாங்களா?" என்றார். போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆனால் பேசப்போவது ஆயிலைப் பற்றித்தான். எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

1989-இல் இங்கே மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தேன். பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவில் ஆயில் ஒரு படலமாக நிற்கும், இரும்பு இரும்பைத் தொடாது என்று வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள். அந்தப் படத்தை நான் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேனே தவிர நம்பவில்லை. தலைமுடியை விட மெல்லிய ஒரு படலம் பதினாறு டன் வண்டியின் இன்ஜினைத் தாங்குமா என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேலி பேசியது ஞாபகம் இருக்கிறது. அவனும் இங்கேதான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.

1998-இல் கடன் வாங்கி என் முதல் புது வண்டியை எடுத்தேன். இங்கே இருக்கிற மாணவர்களில் பல பேருக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் பக்கத்தில் புது லாரி என்றால் அப்போது சேஸிஸ்தான். கூண்டு கிடையாது, பாடி கிடையாது. டிரைவர் ஒரு பலகையின் மேல் உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் காற்றிலும் ஓட்டிக்கொண்டு நாமக்கல் வருவார். பிறகு பாடி கட்டும் பட்டறையில் ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும். ஆக, பூ மாலை போட்டு முதல் லோடு ஏற்றும் அன்றைக்கு நமக்குத்தான் அது புது வண்டி. மீட்டருக்கும் ஆயிலுக்கும் அது புதுசு இல்லை. சேஸிஸ் வந்த தூரம் ஏற்கனவே ஏறியிருக்கும். நின்ற நாளும் கணக்கில் சேரும். கையேட்டில் கிலோமீட்டர் ஒரு பக்கம், மாதம் ஒரு பக்கம் போட்டு, எது முதலில் வருகிறதோ அது என்று எழுதியிருப்பது இதற்காகத்தான்.

அந்தக் கால இன்ஜினுக்கு முதல் ஆயிலைச் சீக்கிரமே இறக்கிவிட வேண்டும். இறக்கின ஆயிலை வெயிலில் வைத்துப் பார்த்தால் ஜரிகை மாதிரி மினுமினுக்கும். ரிங்கும் பேரிங்கும் ஒன்றோடொன்று பழகும்போது உதிர்ந்த பொடி அது. நான் அதைச் சரியாகவே செய்தேன். முதல் இரண்டு வருஷம் எல்லாவற்றையும் சரியாகவே செய்தேன். புது வண்டி மேல் எல்லோருக்கும் பாசம் இருக்கும் இல்லையா?

2001-இல் நடந்ததைச் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அப்போது எங்கள் டிரைவர் என் அப்பாவோடு ஒரே வண்டியில் கிளீனராக இருந்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி, பெங்களூர், சித்ரதுர்கா, பெல்காம் வழியாகப் புனேவுக்குப் போய் வருவார். எங்கள் கணக்கில் 9,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்ற வேண்டும். அந்த முறை 9,000 ஆனபோது வண்டிக்கு டியூ கட்ட வேண்டிய வாரம். ஒரு நடை முடியட்டும் என்றேன். அந்த நடை முடிந்தது. ஆயிலும் ஃபில்டரும் வாங்கப் பணம் இருந்தது, ஆனால் லோடு தயாராக நின்றது. இன்னொரு நடை என்றேன். அடுத்ததற்கும் அப்படியே. குறைந்ததற்கு வழியில் கிடைத்த ஆயிலை ஊற்றிக்கொண்டே போனார்கள்.

கரி சேரச் சேர ஆயில் கெட்டியாகும். ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் ஆயில் நின்றுவிடாது, பைபாஸ் வால்வு திறந்து வடிகட்டாத ஆயிலையே பேரிங்குக்கு அனுப்பும். வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதுதான் ஆபத்தே. தப்பு செய்கிறோம் என்று வண்டி உடனே சொல்லாது.

தும்கூர் தாண்டி ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவர் கூப்பிட்டார். "தம்பி, ஆயில் பிரஷர் முள்ளு எறங்குதுங்க. இங்கயே நிறுத்திப் பாத்துரலாமுங்களா?" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "லோடை எறக்கிட்டு வாங்கண்ணா, வந்து பாத்துக்கலாம்." சித்ரதுர்கா போவதற்கு முன்னாலேயே ஒரு ஏற்றத்தில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. கிராங்க் தண்டைக் கடைசல் பிடித்து, பேரிங் எல்லாம் மாற்றி, வண்டி மறுபடி ரோட்டுக்கு வர 23 நாள் ஆயிற்று. இரண்டு டியூ தவறிப்போயிற்று. வகுப்பில் நம்பாத அந்தப் படலத்தை அங்கேதான் நம்பினேன்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அடுத்ததைச் சொல்லத்தான் வெட்கம். இன்ஜினைக் கவனிக்காமல் ஓட்டினீர்கள் என்று அவர் சம்பளத்தில் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார்.

மூன்று மாதம் கழித்து, வருமான வரிக்காகப் பழைய டிரிப் நோட்டை எடுத்துப் புரட்டினேன். டீசல், படி, செக்போஸ்ட், பஞ்சர், லாரி ஆபீஸ் கமிஷன் என்று எழுதியிருக்கும் இல்லையா, அந்தப் பக்கங்களின் ஓரத்தில், அவர் கையெழுத்தில், மீட்டர் எண்ணோடு, "ஆயில் மாத்தோணும்" என்று இருந்தது. ஒரு தடவை இல்லை, மூன்று நடைக்கும் மூன்று தடவை. ஒவ்வொரு நடையிலும் கூட்டல் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். ஓரத்தைப் பார்க்கவில்லை.

சங்ககிரிப் பக்கம் அவர் வீடு. போனேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "நோட்டப் பாத்தீங்களாட்ட இருக்குது" என்றார். பிடித்த பணத்தைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். டீ கொடுத்தார்கள். ஆனால் என் வண்டிக்குத் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வண்டிகளில் ஒரு ஏற்பாடு. அடுத்த ஆயில் எத்தனையாவது கிலோமீட்டரில் என்று நோட்டின் முதல் பக்கத்தில் டிரைவரே எழுதுவார். அந்த எண் வந்துவிட்டால் எந்த ஊரில் இருந்தாலும் அவரே மாற்றிக்கொள்ளலாம், என்னைக் கேட்க வேண்டியதில்லை. பிரஷர் முள் இறங்கினால் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். அதற்கும் என்னைக் கேட்க வேண்டியதில்லை.

சரி, இப்போதைய வண்டிக்கு வருவோம். 2021-இல் ஒரு பி.எஸ். 6 வண்டி எடுத்தோம், பன்னிரண்டு சக்கரம். கையேட்டைப் பிரித்தால் ஆயில் மாற்ற நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போட்டிருந்தது. எங்கள் மெக்கானிக் பெரியவர் சிரித்தார். "நாப்பதாயிரமா? இன்ஜின் போனாத்தான அவனுக்கு யாவாரம்! பத்தாயிரத்துக்கே எறக்கிப்போடுங்க" என்றார். எனக்கும் 2001 மனசில் இருக்கிறது. ஆனால் இந்த முறை படித்துப் பார்த்தேன்.

பழைய கணக்கு ஏன் அவ்வளவு குறுகலாக இருந்தது? 1990-களின் தொடக்கத்தில் நம் டீசலில் கந்தகம் 1 சதவீதம் வரை இருந்தது. கந்தகம் எரிந்தால் அமிலம். அந்த அமிலத்தை முறிக்கத்தான் ஆயிலில் காரச் சரக்கைக் கலக்கிறார்கள். அது தீர்ந்த பிறகு ஆயில் இருந்தும் பயனில்லை. 2020 ஏப்ரலில் நாடு முழுக்க வந்த பி.எஸ். 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஆயிலும் அப்போதைய ஆயில் இல்லை. அதனால் தூரம் நீண்டது. கம்பெனிக்காரர் ஏமாற்றவில்லை.

சீக்கிரம் மாற்றினால் காசுதான் வீண், இன்ஜினுக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். பெரியவர் ஊற்ற எடுத்து வைத்தது பழைய வண்டிக்கான ஆயில். தப்பு அங்கேதான். புது வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துவிடும். ஆனால் ஆயிலில் உள்ள உலோக உப்புகள் எரிந்தால் வருவது சாம்பல். சாம்பல் மறுபடி எரியாது. வடிகட்டியில் தங்கி அடைத்துக்கொள்ளும். ஆகையால் சாம்பல் குறைந்த, சி.ஜே.-4 அல்லது சி.கே.-4 ரகம் என்று கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் ஊற்ற வேண்டும். பத்தாயிரத்துக்கு ஒரு முறை தப்பான ஆயிலை மாற்றுவதை விட, சொன்ன தூரத்துக்குச் சரியான ஆயில் ஓடுவது மேல்.

அதே கையேட்டில் இன்னொரு பத்தி இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. கடினமான வேலைக்கு வேறு கணக்கு, குறைந்த தூரம். எங்களிடம் கல்குவாரியில் ஓடும் ஒரு டிப்பர் உண்டு. ஒரு நாளைக்கு மீட்டரில் கொஞ்சம்தான் ஏறும். ஆனால் கிரஷர் வாசலில் இன்ஜினை அணைக்காமல் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். தூசி வேறே. ஒரு மணி நேரம் நின்று ஓடினால் சுமார் 40 கிலோமீட்டர் ஓடியதாக வைத்துக்கொள்வது வழக்கம். அப்படிப் பார்த்தால் மீட்டர் காட்டுவதைப் போல இரண்டு மடங்கு ஓடிவிடுகிறது. புனே போகும் வண்டிக்கும் இந்த டிப்பருக்கும் ஒரே எண்ணை எழுதி வைத்தால் இரண்டில் ஒன்றுக்கு அது பொய். சந்தேகமாக இருந்தால் ஆயில் மாதிரியைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம், புது ஆயிலின் விலையோடு பார்த்தால் பெரிய செலவில்லை. விரலில் தொட்டுப் பார்த்து "கறுத்துப்போச்சு, மாத்திடு" என்பதை விட்டுவிடுங்கள். டீசல் வண்டியில் ஆயில் சீக்கிரமே கறுக்கும். கரியைத் தன்னோடு சுமப்பதுதான் அதன் வேலை. தினமும் காலையில் சமதரையில் நிறுத்தி அளவுக் கம்பியைப் பாருங்கள். குறைந்தால் கவலைப்படுவீர்கள். ஏறியிருந்தாலும் கவலைப்படுங்கள், டீசலோ தண்ணீரோ கலக்கிறது என்று அர்த்தம்.

டயருக்கு நேரம் குறைவாகத்தான் இருக்கிறது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

டயரை எத்தனை கிலோமீட்டருக்கு மாற்றிப் போடுவது என்று கேட்கிறவர்களிடம் நான் கேட்பது, "பட்டன் ஆழத்தை அளந்தீங்களா?" அளவுகோல் சட்டைப் பையில் அடங்கும். புது வண்டியில் முதல் தடவை பத்தாயிரத்துக்குள் எல்லா டயரையும் அளந்துவிடுகிறோம். ஒரு டயருக்கும் இன்னொன்றுக்கும் 3 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் இடம் மாற்றுவது என் கணக்கு. முன் டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் மாற்றிப் போடாதீர்கள், முதலில் அலைன்மென்ட்டையும் கிங்பின்னையும் பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு டயரின் வியாதியை அடுத்த டயருக்குக் கொடுத்ததுதான் மிச்சம். முன்னால் ஓடியது பின்னால் போகலாம். பின்னால் தேய்ந்ததையோ ரீட்ரெட் அடித்ததையோ முன்னால் கொண்டுவராதீர்கள். தொப்பூர் கணவாயில் லோடோடு இறங்கும்போது முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் டிரைவர் கையில் நிற்காது.

பின்னால் ஜோடி டயரில் இரண்டும் ஒரே உயரமாக இருக்கட்டும். உயரமானது பாரத்தைச் சுமக்கும், குட்டையானது ரோட்டில் உரசித் தேயும். ஜோடியில் உள் டயரைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ராடால் தட்டிப் பார்த்துக் காற்று இருக்கிறது என்று சொல்வதெல்லாம் பழக்கதோஷம். ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைந்த டயரைப் பஞ்சர் டயராகவே கருத வேண்டும், அதைத் தட்டும் சத்தத்தில் கண்டுபிடிக்க முடியாது. கேஜ் வைத்து, டயர் சூடாவதற்கு முன், குனிந்து பார்க்க வேண்டும். எந்தச் சக்கரத்தைக் கழற்றி மாட்டினாலும் நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி முறுக்குங்கள்.

ஸ்டெப்னியையும் சுற்றில் சேர்த்துக்கொள்ளலாம். அப்படியே தொங்கவிட்டால் வெயிலில் காய்ந்து, ராத்திரி நடுவழியில் இறக்கும்போதுதான் காற்றில்லை என்று தெரியும். சாப்பாடு முடிந்ததும் வெளியே நிறுத்தியிருக்கிற நம் பழைய மாணவர்கள் கார்களில் அதைப் பார்க்கலாம் என்று மெக்கானிக்கல் தம்பிகளிடம் சொல்லியிருக்கிறேன். கேஜ் நான் கொண்டுவந்திருக்கிறேன்.